சம்பளப் பாக்கியில் செத்த சீசர்

கேள்வி: துருக்கியரை ஓட ஓட விரட்டிய காட்டலான் மாவீரன் ரோஜர் டி ஃப்ளோரை, அவரால் பிழைத்த பைசாந்தியப் பேரரசே விருந்துக்கு அழைத்துக் கொன்றது. சரித்திரத்தில் இதைவிட நன்றிகெட்ட காரியம் உண்டா?

பதில்: முதலில் ஒரு திருத்தம். அவர் காட்டலானே, அதாவது ஸ்பெயின் பக்கத்துக் காட்டலோனியாக்காரரே அல்ல. பிறந்தது தென் இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகம். அப்பா ஜெர்மானியர், பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கிடம் வேட்டைக்கு வல்லூறு பழக்கியவர். 1268-இல் தாலியாகோட்சோ போரில் அப்பா செத்தார், குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது. எட்டு வயதில் டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்த் துறவிவீரர் சபையின் கப்பலில் எடுபிடியாக ஏறிய பையன், அந்தச் சபையின் பெரிய கப்பல் ஒன்றுக்கே தலைவனானான். 1291-இல் பாலஸ்தீனக் கரையின் ஆக்கர் துறைமுகம் முஸ்லிம் படைகளிடம் விழுந்தபோது பணக்காரக் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிக் காப்பாற்றினார். ஏற்றிய சொத்தில் எவ்வளவு அவர் பைக்குப் போனது என்பதில்தான் தகராறு. சபை திருடன் என்று தள்ளிவைத்தது, போப் வரை புகார் போனது. நீங்கள் மாவீரன் என்கிறவரின் ஆரம்பக் கணக்கிலேயே ஒரு பற்றாக்குறை இருக்கிறது.

அப்புறம் சிசிலி மன்னர் மூன்றாம் பிரெடரிக்கிடம் சேர்ந்து கடற்படைத் துணைத் தலைவரானார். காட்டலான்கள் அங்கேதான் அவருக்குக் கூட்டாளிகளானார்கள். அல்மொகாவர் என்ற மலைநாட்டுக் காலாட்கள் அவர்கள். கவசம் கிடையாது. தோலாடை, எறியீட்டி, இடுப்பில் ஒரு வெட்டுக்கத்தி, அவ்வளவுதான். சண்டைக்கு முன் இரும்பைக் கல்லில் அடித்துப் பொறி பறக்கவிட்டு, "இரும்பே, விழித்துக்கொள்!" என்று கத்துவார்களாம். 1302-இல் சிசிலியில் சமாதானம் ஆனது. சண்டையை விட்டால் வேறு பிழைப்பு தெரியாத ஆயிரக்கணக்கானோர் கையில் வேலையில்லாமல் நின்றார்கள். அவர்களைத் தீவில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மன்னருக்குக் கவலை. சமாதானம் ஆன கையோடு தன்னைப் பிடித்து போப்பிடம் கொடுத்துவிடுவார்களோ என்று ரோஜருக்குப் பயம்.

அதே வருடம் கிழக்கே ஒஸ்மானின் துருக்கியர் பாஃபியஸில் பைசாந்தியப் படையை நொறுக்கியிருந்தார்கள். பேரரசர் இரண்டாம் அந்திரோனிகஸிடம் சொந்தக் கடற்படைகூட இல்லை. செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1285-இலேயே கலைத்துவிட்டார். அந்த நிலைமையில் ரோஜர் போட்ட நிபந்தனைகளைப் பாருங்கள்: கடற்படைப் பெருந்தலைவர் பட்டம், பேரரசரின் அக்காள் மகள் மரியாவோடு கல்யாணம், காலாளுக்கு மாதம் ஓர் அவுன்ஸ் பொன், கவசக் குதிரைவீரனுக்கு நான்கு, அதிலும் நான்கு மாதச் சம்பளம் முன்பணம். கஜானாவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பேரரசர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

1303-இல் 36 கப்பல்களில் ஏறக்குறைய 6,500 பேர் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் இறங்கினார்கள். கல்யாணக் களேபரம் அடங்குவதற்குள் நகரத்து ஜெனோவாக்காரர்களோடு தெருச் சண்டை, பிணங்கள். பேரரசர் அவசரமாகக் கப்பலேற்றி எதிர்க்கரைக்கு, சிசிக்கஸுக்கு அனுப்பினார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தக் குளிர்காலத்தைத்தான். படையின் கணக்கு வழக்கெல்லாம் பார்த்த ராமோன் முந்தனேர் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். வீட்டுக்கு வீடு சிப்பாய்களைத் தங்கவைத்து, யார் என்ன சாப்பிட்டார்கள் என்று சீட்டுப் போட்டு, சம்பளத்தில் கழித்துக்கொள்வது என்று ஏற்பாடு. மார்ச் மாதம் சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னால், வரவேண்டிய சம்பளத்தைவிடப் பல மடங்கு தின்று தீர்த்திருக்கிறார்கள். ரோஜர் எல்லாருக்கும் முன்னால் நெருப்பு மூட்டி அத்தனை சீட்டையும் போட்டுக் கொளுத்தினார். கடனைத் தள்ளியதோடு மேற்கொண்டு நான்கு மாதச் சம்பளமும் கொடுத்தார். என்ன தாராளம் என்று முந்தனேர் உருகுகிறார். சோறு போட்ட வீட்டுக்காரர்களை அவருக்கு ஞாபகமே வரவில்லை. அதே மாதங்களைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாக்கிமெரஸ் எழுதியதைப் படித்தால் கொள்ளை, மானபங்கம், சித்திரவதை என்றுதான் இருக்கிறது. ரோஜர் அன்றைக்குக் கொளுத்தியது அடுத்தவர் வீட்டுச் சோற்றுக் கணக்கை!

சண்டையில் அவர் கெட்டிக்காரர், அதை மறுக்கவில்லை. 1304 வசந்தத்தில் முற்றுகையில் பட்டினி கிடந்த பிலடெல்பியாவை மீட்டார். அங்கிருந்து எபேசஸ் பக்கம் இறங்கி, தாரஸ் மலை வாசல் வரை போனதாக முந்தனேர் சொல்கிறார். ஆனால் பிடித்த ஊரில் காவல் வைக்க ஆள் இல்லை. படை நகர்ந்தால் பின்னாலேயே துருக்கியர் திரும்பி வந்தார்கள். உள்ளூர்க் கிரேக்கர்களிடமும் அபராதம், வரி என்று பிடுங்கினார். பிடுங்கியதைப் பாதுகாப்பாக வைத்திருந்த மக்னீசியா நகரமே ஒருநாள் அவர் ஆட்களைக் கொன்று, பணத்தை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தியது. காப்பாற்ற வந்தவர் அந்த ஊரையே முற்றுகை போட்டார்! அதிலும் தோற்றார். கூட வந்த அலன் கூலிப்படையோடு (காக்கசஸ் பக்கத்து இனம்) வேறு பகை. காட்டலான்களுக்குச் சம்பளம் தங்களைவிட அதிகம் என்ற எரிச்சல் அவர்களுக்கு முன்பே உண்டு. சிசிக்கஸ் கைகலப்பில் அலன் தலைவர் ஜார்ஜின் மகன் கொல்லப்பட்டான். ரோஜர் பணம் கொடுத்துச் சரிக்கட்டப் பார்த்தார், எடுபடவில்லை.

இப்போது பேரரசர் பக்கம் வருவோம். அவர் யோக்கியதையும் அப்படித்தான். படையைக் கலிப்போலிக்குத் திரும்ப அழைத்தார், பாக்கியைக் கொடுக்க வழியில்லை. பைசாந்தியப் பொற்காசில் அப்போது பாதிதான் பொன். கூடவே வெனிசு வெள்ளிக்காசு மாதிரி புதுக்காசு ஒன்றை அடித்தார். அசல் எட்டு பார்சிலோனாக் காசு பெறும், இது மூன்றுகூடப் பெறாது என்கிறார் முந்தனேர். அதைச் சிப்பாய் கையில் கொடுத்து, கடைக்காரன் முழு விலைக்கே வாங்க வேண்டும் என்று உத்தரவு. ஊர்க்காரனுக்கும் படைக்காரனுக்கும் மூட்டிவிட வேண்டுமென்றே செய்த சூது இது என்று முந்தனேர் அடித்துச் சொல்கிறார். சூது என்பதைவிட வெறுங்கஜானா என்பேன் நான். விளைவு ஒன்றுதான். ரொட்டிக்கடை வாசலில் செல்லாக்காசும் வெட்டுக்கத்தியும் எதிரெதிரே நின்றன.

காசுக்குப் பதில் பட்டம் கொடுத்தார்கள். 1305-இல் ரோஜருக்குச் சீசர் பட்டம் (பேரரசருக்குக் கீழே மிகப் பெரிய பட்டங்களில் ஒன்று), ஆசியாவில் மீட்கும் நிலத்தை ஆளும் உரிமை. புறப்படுமுன் பேரரசரின் மகனும் இணைப் பேரரசருமான ஒன்பதாம் மைக்கேலிடம் விடைபெற்று வருகிறேன் என்று அட்ரியனோபிளுக்குக் கிளம்பினார். மனைவியும் மாமியாரும் போகவேண்டாம் என்றார்கள். 1302-இல் துருக்கியரிடம் மூக்குடைபட்டு ஓடிவந்தவர் இந்த மைக்கேல். அதே சீமையில் ரோஜர் ஜெயித்தது அவருக்கு எப்படி இனிக்கும்? ஏப்ரலில் உபசாரம் எல்லாம் நடந்த பிறகு, அரண்மனைக்குள்ளேயே ஜார்ஜின் அலன்கள் ரோஜரை வெட்டினார்கள். கூடப் போன ஆயிரத்துச் சொச்சம் பேரையும் ஊருக்குள் வேட்டையாடினார்கள். மூன்று பேர் மட்டும் ஒரு தேவாலய மணிக்கூண்டில் ஏறிக்கொண்டு உயிரை விடாமல் சண்டை போட, மைக்கேல் அவர்களை மட்டும் விட்டுவிட்டார்.

துரோகம்தான், சந்தேகமில்லை. ஆனால் நன்றிகெட்ட துரோகமா? நன்றிக்கு அங்கே என்ன மிச்சம் இருந்தது? என் குற்றச்சாட்டு வேறு: அது முட்டாள்தனமான துரோகம். தலைவன் போனால் படை கலைந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். பாக்கியோ ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனியாக நின்றது. தலைவரையும் கொன்ற பிறகு கேட்கவா வேண்டும்? கலிப்போலியில் மிஞ்சியவர்கள் திரும்பிப் போகும் எண்ணமே வரக்கூடாதென்று சொந்தக் கப்பல்களை ஓட்டை போட்டு மூழ்கடித்தார்கள். அதே வருடம் ஆப்ரோஸில் மைக்கேலையே காயப்படுத்தி ஓடவிட்டார்கள். தலைநகருக்கு மேற்கேயுள்ள திரேசை இரண்டு வருடம் மொட்டையடித்தார்கள். ஊருக்குக் கிளம்பிய அலன்களைத் துரத்திப்போய் ஜார்ஜையும் முடித்தார்கள்.

நன்றிகெட்டவர் பட்டியல் போட்டே ஆகவேண்டும் என்றால், ஏதென்ஸ் பிரபு வால்டர் டி பிரியெனை மைக்கேலுக்கு மேலே எழுதுங்கள். 1310-இல் இதே படையை வேலைக்கு வைத்து, ஆறு மாதத்தில் முப்பதுக்கு மேல் கோட்டைகளைப் பிடிக்கவைத்தார். பிறகு நல்ல ஆட்களாக 200 குதிரைவீரர், 300 காலாட்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் பாக்கியைக் கொடுக்காமலே போகச் சொன்னார். அட்ரியனோபிளில் நடந்தது ஊரறிந்த செய்தியாகி ஐந்து வருடம் ஆனபிறகு! 1311 மார்ச் 15 அன்று ஹல்மிரோஸ் சதுப்பில் சண்டை. பொறுக்கி வைத்த அந்த 500 பேரும் சண்டைக்கு முன்பே பழைய கூட்டாளிகளிடம் போய்ச் சேர்ந்தார்கள். வால்டரின் குதிரைப்படை சேற்றில் சிக்கியது, அவர் தலையும் போனது. ஏதென்ஸைக் காட்டலான்களே எடுத்துக்கொண்டார்கள். 1388 வரை அது அவர்கள் கையில்தான் இருந்தது.