குழந்தைக்கு ஃப்ளூ ஊசி: பர்ஸைத் திறக்கும் முன்

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம். வழக்கமான ஊசிகளை எல்லாம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட்டு வருகிறோம். போன வாரம் சளிக்காகத் தனியார் குழந்தைகள் டாக்டரிடம் காட்டினோம். "ஃப்ளூ ஊசி இன்னும் போடலையா?" என்று கேட்டார். ஓர் ஊசி 2,000 ரூபாய், ஒரு மாதம் கழித்து இன்னொன்று என்றார். "கவர்மெண்ட்ல இல்லாத ஊசி எதுக்கு? அவங்க வியாபாரத்துக்குச் சொல்றாங்க" என்கிறார் மாமியார். கணவர் எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருக்கிறார். இது தேவையா, வியாபாரமா? (ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: இரண்டும்தான். ஊசி விற்பதில் ஆஸ்பத்திரிக்கு லாபம் இருக்கும். லாபம் இருக்கிறது என்பதாலேயே மருந்து பொய்யாகிவிடாது.

உங்கள் மாமியாரின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் பாதி நியாயம் உண்டு. அரசு அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. நாட்டில் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேல் குழந்தைகள் பிறக்கின்றன. அத்தனை பேருக்கும், அதுவும் வருடா வருடம் திரும்பப் போட வேண்டிய ஓர் ஊசியை இலவசமாகக் கொடுப்பது சின்னச் செலவு இல்லை. ஆகவே அட்டவணையில் இல்லாததெல்லாம் வேண்டாத ஊசி என்று முடிவு கட்ட முடியாது. வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு மருந்து தமிழ்நாட்டில் 2017-இல்தான் இலவசமானது. நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி 2021-இல். அதற்கு முன் தனியாரில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட்டவர்களிடமும் "வியாபாரம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று அதையே புதன்கிழமை வரிசையில் நின்று இலவசமாகப் போட்டுக்கொள்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ ஊசிக்கு முன்னுரிமை தரச் சொல்லும் பட்டியலில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் இருக்கிறார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஆறு மாதத்தில் தொடங்கி ஐந்து வயதுவரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. உங்கள் டாக்டர் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

சரி, காசுக்கு என்ன கிடைக்கிறது? இங்கேதான் பலர் ஏமாந்த மாதிரி உணர்கிறார்கள். ஊசி போட்ட பத்தாவது நாள் குழந்தைக்கு மூக்கு ஒழுகினால், "2,000 ரூபாய் தண்டம்" என்று தோன்றும். ஆனால் இந்த ஊசி சளிக்கானது அல்ல. குழந்தைகளுக்கு வரும் சளியில் பெரும்பகுதி வேறு வைரஸ்களால் வருவது. அவற்றை இது தொடாது. இது தடுப்பது இன்ஃப்ளூயன்ஸா வைரஸை மட்டும். அதையும் முழுசாகத் தடுப்பதில்லை. அந்த வருட வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்தினால், ஃப்ளூ வந்திருக்க வேண்டிய பத்துப் பேரில் நாலு முதல் ஆறு பேர் தப்புவார்கள். மீறி வருகிறவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றுவது குறையும். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது இந்தக் கடைசி விஷயம்தான். பெரும்பாலான குழந்தைகள் ஃப்ளூ வந்தாலும் ஒரு வாரத்தில் எழுந்து விளையாடும். ஆனால் நிமோனியா வரை போய் ஆஸ்பத்திரியில் படுப்பவர்களில் இரண்டு வயதுக்குள் இருப்பவர்கள் அதிகம். மூச்சுக்குழாய் குறுகலான வயது அது.

விலையை மட்டும் டாக்டர் பாதிதான் சொல்லியிருக்கிறார். முதல் ஆண்டு இரண்டு டோஸ், நான்கு வாரம் இடைவெளி விட்டு. அதன்பின் வருடத்துக்கு ஒன்று. ஐந்து வயது முடிவதற்குள் மொத்தம் ஆறு ஊசி ஆகும். இன்றைய விலையிலேயே 12,000. பெரும்பாலான மெடிக்ளெய்ம் பாலிசிகளில் இது வராது. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். முதல் ஊசியைப் போட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதுதான் படு நஷ்டம். இதுவரை ஃப்ளூவையே பார்த்திராத உடம்புக்கு முதல் டோஸ் அறிமுகம் மாதிரி. இரண்டாவதுக்குப் பிறகு இரண்டு வாரம் கழிந்துதான் நிஜமான பாதுகாப்பு வரும்.

என் தீர்ப்பு கேட்டால்: குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறு, அடிக்கடி வீசிங், பகலில் கிரெச்சில் விடப்படும் குழந்தை, வீட்டில் பள்ளிக்கூடம் போகும் அண்ணனோ அக்காவோ இருக்கும் குழந்தை என்றால் யோசிக்காமல் போடுவேன். இது எதுவும் இல்லாத, தாய்ப்பால் குடிக்கும் எட்டு மாதக் குழந்தைக்கும் கையில் காசு இருந்தால் போடுவேன். இதற்காக நகையை அடகு வைக்கச் சொல்ல மாட்டேன். கை இறுக்கமாக இருந்தால் ஒன்பது மாதத்தில் வரும் தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் நியூமோகாக்கல் பூஸ்டரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவை இலவசம். அரசில் கிடைப்பதை அங்கே போட்டு, மிச்சமாகும் பணத்தை ஃப்ளூ ஊசிக்கு வைத்துக்கொள்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதுவே கெட்டிக்காரத்தனம்.

காலத்தையும் கவனியுங்கள். வட இந்தியச் சமவெளியில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ ஏறும். சென்னை, வேலூர்ப் பக்கம் வடகிழக்கு மழையோடு, ஐப்பசி கார்த்திகையில். ஆகவே ஆடியில் முதல் ஊசி, ஆவணியில் இரண்டாவது என்று முடித்தால் மழை தொடங்கும்போது குழந்தை தயாராக இருக்கும். அதற்காகத் தை மாதம் டாக்டர் சொன்னால் ஆடிவரை தள்ளிப்போட வேண்டாம். நம் ஊரில் ஃப்ளூ வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: பேத்தியின் ஊசி அட்டையைப் பார்த்தேன். ஐந்து நோய்க்கான ஊசியில் "இன்ஃப்ளூயன்ஸா" என்று ஏற்கெனவே இருக்கிறதே? ஒரே நோய்க்கு இரண்டு முறை காசு வாங்குகிறார்களா? (மதுரையிலிருந்து ஒரு தாத்தா)

பதில்: அட்டையைப் படிக்கிற தாத்தாக்கள் இருப்பது நல்லது ஐயா. இது ஆஸ்பத்திரிக்காரர்களின் தவறு இல்லை, 130 வருடத்துக்கு முந்தைய ஒரு தவறு. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போடும் பெண்டாவேலண்ட் ஊசியில் இருப்பது "ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே டைப் பி", சுருக்கமாக ஹிப். அது ஒரு பாக்டீரியா. மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும். 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஃப்ளூ நோயாளிகளின் சளியில் அந்தக் கிருமியைக் கண்டு, ஃப்ளூவுக்குக் காரணம் இதுதான் என்று நினைத்துவிட்டார். உண்மையான குற்றவாளி ஒரு வைரஸ் என்று 1933-இல்தான் பிரிட்டனில் நிரூபித்தார்கள். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பேத்தியின் ஹிப் ஊசி ஃப்ளூவைத் தடுக்காது. ஃப்ளூ ஊசி ஹிப்பைத் தடுக்காது. இரண்டு நோய், இரண்டு ஊசி.

கேள்வி: ஆஸ்பத்திரியில் சொன்ன விலையைவிட வெளி மெடிக்கலில் 300 ரூபாய் குறைவு. வாங்கிக்கொண்டு போய்ப் போடச் சொல்லலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் 300 ரூபாயோடு சேர்த்து ஒரு பொறுப்பையும் வாங்குகிறீர்கள். இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். உறைந்தால் கெடும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

சில வருடம் முன்பு தங்கை மகனுக்காக நானே ஒரு கடையில் வாங்கினேன். கடைப் பையன் ஃப்ரிட்ஜைத் திறந்து, மோர் பாக்கெட்டுகளைத் தள்ளிவிட்டு, பின்சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியைப் பிய்த்து எடுத்தான். பிய்த்து என்றுதான் சொல்ல வேண்டும், அட்டையின் ஒரு மூலை பனியோடு அங்கேயே தங்கிவிட்டது. செய்தித்தாளில் சுற்றி, மேலே நாலு ஐஸ் கட்டி போட்டு, கேரி பேக்கில் கொடுத்தான். நானும் பெருமையாகக் கொண்டுபோனேன். கிளினிக்கில் நர்ஸம்மா நனைந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஐஸ்ல ஒட்டி இருந்துச்சா சார்?" ஆமாம் என்றேன். "இத போட முடியாது." கடைக்குத் திரும்பினால், வெளியே போன ஊசியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அந்த விதி சரிதான். இன்னொருவர் வெயிலில் சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்ததை எனக்கு விற்றால் எப்படி இருக்கும்? எடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

அதனால், மருந்து ஃப்ரிட்ஜில் மருந்து மட்டும் இருக்கும் கடையாக, உள்ளே டிகிரி காட்டும் மீட்டர் இருக்கும் கடையாகப் பாருங்கள். ஐஸ் நேரடியாக ஊசியைத் தொடக் கூடாது, ஐஸ் பேக் வைத்த டப்பாவில் துணி சுற்றி வைக்க வேண்டும். வாங்கியதும் நேராகக் கிளினிக்குக்குப் போங்கள், வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இரவு முழுக்க வைக்க வேண்டாம். சில டாக்டர்கள் வெளியே வாங்கியதைப் போட மாட்டார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு சிரமத்துக்கு 300 ரூபாய் போகட்டும் என்று நீங்கள் முடிவு செய்தால் நான் தடுக்க மாட்டேன்.

எங்கே போட்டாலும் பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் வாங்கக் கூடாத உச்ச விலை, அதில் வரியும் அடக்கம். ஊசி போடும் கட்டணம், கன்சல்டேஷன் இதெல்லாம் பில்லில் தனி வரியாக வர வேண்டும், மருந்து விலைக்குள் ஒளிந்து வரக் கூடாது. பில்லில் பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் இருக்கட்டும், அதே நம்பர் குழந்தையின் அட்டையிலும் ஏறட்டும். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கிவிட்டார்கள் என்றால் பெட்டியையும் பில்லையும் போட்டோ எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம்.

கேள்வி: நாலு வைரஸ் ஊசி, மூணு வைரஸ் ஊசி என்கிறார்கள். விலை கூடினது நல்லதா?

பதில்: இந்த விஷயத்தில் இல்லை. நாலாவதாக இருந்த "பி யமகட்டா" என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. கொரோனா ஊரடங்கில் அது காணாமல் போனது. 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமே, அது இனி ஊசியில் தேவையில்லை என்றது. ஆகவே நாலுக்காகக் கூடுதல் காசு வேண்டாம், நாலுதான் கிடைக்கிறது என்றால் கெடுதலும் இல்லை. இரண்டாவது டோஸ் வேறு கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை, குழந்தையின் வயதுக்கு அனுமதி உள்ளதா என்று மட்டும் பார்க்க வேண்டும். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வகை இரண்டு வயதுக்கு மேல்தான்.

கம்பெனிப் பெயரைவிட வருடம் முக்கியம். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியின் கலவையை வருடத்துக்கு இரண்டு முறை அறிவிக்கிறார்கள்: வட அரைக்கோளத்துக்கு பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்கு செப்டம்பரில். பெட்டியில் எந்த வருடத்துக்கானது என்று அச்சாகியிருக்கும். கிடைப்பதில் ஆகப் புதியதைக் கேளுங்கள். தள்ளுபடியில் வரும் ஊசி போன சீசன் மிச்சமாகவும் இருக்கலாம்.

கேள்வி: பக்க விளைவு பயமாக இருக்கிறது. குழந்தைக்கு முட்டை கொடுத்தால் தடிப்பு வருகிறது.

பதில்: ஊசி போட்ட இடத்தில் வலி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல், சிணுங்கல் இவை வரலாம். ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. காய்ச்சலுக்கான சொட்டு மருந்தை எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முட்டை ஒவ்வாமைக்காக இப்போது இந்த ஊசியைத் தவிர்க்கச் சொல்வதில்லை. ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முந்தைய ஃப்ளூ ஊசியிலேயே மூச்சுத் திணறல் வந்திருந்தால் கதை வேறு, போடக் கூடாது.

பயத்துக்கு ஒரு காலத்தில் காரணமும் இருந்தது. 2010-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனியின் ஃப்ளூ ஊசி போட்ட சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு அதிகமாக வந்தது. அந்த ஏப்ரலிலேயே ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஃப்ளூ ஊசியையே நிறுத்தி வைத்து ஆராய்ந்தார்கள். சிக்கல் அந்த ஒரு தயாரிப்பில்தான் என்று தெரிந்தபின் மற்றவை தொடர்ந்தன.

கேள்வி: எங்கள் பையனுக்கு நாலு மாதம்தான். இப்போதே போடலாமா?

பதில்: முடியாது, ஆறு மாதம் நிறைய வேண்டும். அதுவரை அவனைத் தூக்குகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம்: அம்மா, அப்பா, பாட்டி. பால் கொடுக்கும் அம்மாவுக்குத் தடையில்லை. அடுத்த முறை கர்ப்பமாக இருக்கும்போதே போட்டுக்கொண்டால் பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதம் அந்தப் பாதுகாப்பு போய்ச் சேரும்.

கேள்வி: போன வருடம் ஒன்று போட்டோம், இரண்டாவதை மறந்துவிட்டோம். இப்போது ஒன்றரை வயது. ஒன்று போதும்தானே?

பதில்: இல்லை. இந்த வருடமும் இரண்டு, நான்கு வாரம் இடைவெளியில். இந்த முறை முதல் ஊசி அன்றே அடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள்.