சுமேரியா குருவா, சீடனா? – கடிதம்

வணக்கம் ஐயா,

கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாகரிகம் சுமேரியாவில் பிறந்து அங்கிருந்து மற்ற இடங்களுக்குப் பரவியது என்று வகுப்பில் சொல்கிறார்கள். வாட்சப்பில் வருவது நேர் எதிர். சிந்துவெளியிலிருந்து போனவர்கள்தான் சுமேரியாவைக் கட்டினார்கள், சுமேரியர்களே தமிழர்கள்தான் என்கிறார்கள். எது சரி? இரண்டு பக்கமும் தொடர்பு இருந்தது உண்மை என்றால் ஒருவர் குரு, இன்னொருவர் சீடர் என்றுதானே ஆகும்? கடைசியில் அந்த வணிகம் நின்றதால்தான் சிந்துவெளி அழிந்ததா?

க., திருச்சி

அன்புள்ள க.,

இரண்டுமே சரியில்லை. வாட்சப் கதையை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம்.

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில், சுமேரியாவையும் சேர்த்து ஆண்ட அக்காடியர் காலத்து உருளை முத்திரை ஒன்று இருக்கிறது, நாலாயிரம் வருடத்துக்கு மேல் பழையது. நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருக்க, அவர் மடியில் ஒரு சின்ன உருவம். எதிரே ஆடு போன்ற ஒரு மிருகத்தைச் சுமந்துகொண்டு ஒரு ஆண், அவன் பின்னால் வாளி போல ஏதோ ஒன்றை ஏந்திய பெண். பக்கத்தில் ஆப்பெழுத்தில் (ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன அந்தப் பகுதியின் பழைய எழுத்து) முத்திரைக்காரரின் பெயரும் தொழிலும்: ஷு-இலிஷு, மெலுஹா மொழிபெயர்ப்பாளர். மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். இரு தரப்பும் ஒரே மொழி பேசியிருந்தால் இந்த மனிதருக்கு அங்கே என்ன வேலை? சுமேரிய மொழிக்கு உறவுமொழி என்று இதுவரை எதுவும் நிரூபிக்கப்படவில்லை, தமிழும் அதில் அடக்கம்.

உங்கள் வகுப்பில் சொல்வது இதைவிடக் கௌரவமான தவறு. மார்ட்டிமர் வீலர் போன்ற பெரிய தொல்லியலாளரே நகரம் என்ற எண்ணம் மெசபடோமியாவிலிருந்துதான் (இன்றைய ஈராக், சுமேரியா அதன் தெற்குப் பகுதி) சிந்துவெளிக்கு வந்தது என்று நம்பினார். அவருக்கு முன் எலியட் ஸ்மித் என்பவர் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் எகிப்திலிருந்தே கிளப்பிவிட்டார். அப்புறம் 1974இல் பலுசிஸ்தானத்தில், போலன் கணவாய் அடிவாரத்தில், ஜாரிஜ் தலைமையிலான பிரெஞ்சுக் குழு மெஹர்கரைத் தோண்ட ஆரம்பித்தது. கி.மு. 7000ஐ ஒட்டியே அங்கே மண்கல் வீடுகள், பார்லி, ஆடுமாடுகள். அதிலிருந்து படிப்படியாக வளர்ந்த ஊர்களின் தொடர்ச்சியாகத்தான் மொகஞ்சதாரோவும் ஹரப்பாவும் வருகின்றன. அதற்காக எல்லாமே உள்ளூர்ச் சரக்கு என்று கிளம்பவும் வேண்டாம், மெஹர்கரில் விளைந்த கோதுமையின் பூர்வீகம் மேற்கு ஆசியா.

சரி, குரு சீடர் விஷயம். தொடர்பு இருந்தால் ஒருவர் சொல்லிக்கொடுத்து மற்றவர் கற்றுக்கொண்டார் என்று ஆகாது. தெற்கு ஈராக்கில் ஊர் என்ற நகரம் (ஆமாம், பெயரே ஊர்தான், அதை வைத்து யாரும் புதுக்கதை தொடங்க வேண்டாம்). அங்கே 1920களில் லெனர்ட் வூலி தோண்டிய அரச கல்லறைகள் கி.மு. 2500 வாக்கிலானவை. புஆபி என்ற அரசியின் உடல் மீது தங்கம், நீலக்கல் (லாபிஸ் லசூலி), சூதுபவளம் என்று மணிகளாகவே குவிந்து கிடந்தன. நீலக்கல் ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலைகளில் வெட்டியது. அந்தச் சுரங்கங்களுக்குப் போகும் வழியில், ஷோர்துகாயில், சிந்துவெளிக்காரர்கள் ஒரு குடியிருப்பே போட்டு வைத்திருந்தார்கள். சூதுபவளம் நம் கீழடி, கொடுமணல் செய்திகளில் அடிபடும் அதே கல்தான், ஆனால் நாம் பேசுவது அவற்றுக்கு இரண்டாயிரம் வருடம் முந்திய சரக்கு.

ஊர் கல்லறைகளில் கிடைத்த நீளமான சூதுபவள மணியைக் கொஞ்சம் கவனியுங்கள். நெருப்பில் வாட்டிச் சிவப்பேற்றி, கொத்தி, தேய்த்து, பிறகு இரண்டு முனையிலிருந்தும் துளைத்துக்கொண்டு போய் நடுவில் சரியாகச் சந்திக்க வைக்க வேண்டும். இதற்கென்றே சிந்துவெளியில் ஒரு தனிவகைக் கடினக் கல்லில் துளைமுனை செய்தார்கள். தொல்லியலாளர் மார்க் கெனாயர் அதே முறையில் துளைத்துப் பார்த்துப் போட்ட கணக்கில், பெரிய மணி ஒன்றுக்குத் துளை போட மட்டும் மூன்று நாளுக்கு மேல் ஆகும். கடைசி அரை அங்குலத்தில் விரிசல் விட்டால் எல்லாம் போச்சு. இப்படிப்பட்ட கைவேலை தெரிந்தவர்களிடம் மெசபடோமிய அரண்மனைகள் வாங்கின, வாங்கிக்கொண்டே இருந்தன. அக்காடை ஆண்ட சார்கோன் மெலுஹா, மாகன், தில்முன் கப்பல்களை என் துறையில் கட்ட வைத்தேன் என்று கல்வெட்டிலேயே பெருமை அடித்துக்கொள்கிறான். மாகன் இன்றைய ஓமான் பக்கம், தில்முன் பஹ்ரைன் பக்கம்.

இத்தனை நூறு வருடம் கொடுத்து வாங்கியும் சிந்துவெளியில் படிக்கட்டுக் கோபுரக் கோயில் எழவில்லை, அரசனின் வெற்றிக் கல்வெட்டு இல்லை, வேலையாட்களைக் கொன்று கூடவே புதைக்கும் ஊர் மாதிரி அரச கல்லறை இல்லை. களிமண் பலகையில் கணக்கு எழுதும் பழக்கமும் வரவில்லை. எழுத்து என்று ஒன்று சாத்தியம் என்ற சேதி கப்பலில் வந்திருக்கலாம், ஆனால் சிந்து எழுத்தின் குறிகள் ஆப்பெழுத்திலிருந்து எடுத்தவை அல்ல. என் எண்ணம் இதுதான்: கடன் வாங்குகிறவன் தன் வீட்டில் அதற்கு ஒரு வேலை இருந்தால்தான் வாங்குகிறான். சுமேரியக் கோயில் ஆயிரக்கணக்கான ஆட்களுக்குப் பார்லி படி அளக்க வேண்டியிருந்தது, அதற்குப் பட்டியல் வேண்டும், பட்டியலுக்குப் பலகை வேண்டும். சிந்துவெளியில் அப்படி ஒரு படியளக்கும் கோயில் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

எதிர்த் திசையில் பாருங்கள். சிந்துவெளியின் கனசதுர எடைக்கற்கள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும், அதில் 16 என்ற எடை சுமார் 13.7 கிராம். மெசபடோமியாவின் எடை அறுபதின் கணக்கு, அவர்கள் அதை விடவே இல்லை. ஆனால் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் வியாபாரம் செய்த தில்முன் சிந்துவெளி எடையை எடுத்துக்கொண்டது, பஹ்ரைனில் அந்தக் கற்களே கிடைத்திருக்கின்றன. தரகனுக்கு அது தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மனிதர்களும் போய்த் தங்கியிருக்கிறார்கள். கி.மு. 2100–2000 வாக்கில் சுமேரிய நகரமான லகாஷ் பகுதியில் ‘மெலுஹா கிராமம்’ என்றே ஒரு ஊர் பலகைகளில் வருகிறது. கோயிலுக்குப் பார்லி கட்டுகிற சாதாரண ஊர், மக்களுக்குச் சுமேரியப் பெயர்கள். அதற்கும் முந்திய அக்காடியர் காலத்துப் பலகை ஒன்றில் லு-சுன்சிதா என்ற மெலுஹாக்காரன் இன்னொருவனுக்குப் பல் உடைந்ததற்காகப் பத்து ஷெக்கல் வெள்ளி கட்டுகிறான். பெயர் சுமேரியம், ஆனாலும் அவன் ‘மெலுஹாக்காரன்’தான். சுமேரியாவைக் கட்டிய குருகுலம் மாதிரியா தெரிகிறது இது?

அரசர்கள் கண்டுகொள்ளாத விஷயங்கள்தான் உண்மையில் தூரம் போயின என்று எனக்குத் தோன்றும். எள் நம் துணைக்கண்டத்துப் பயிர், அது மெசபடோமியாவின் முக்கியமான எண்ணெய் வித்தாகிவிட்டது. திமில் மாடும் அப்படித்தான். 2019இல் வந்த பழைய மாட்டு மரபணு ஆய்வு ஒன்று, சுமார் நாலாயிரம் வருடம் முன்பு மேற்கு ஆசிய மாடுகளில் திமில் மாட்டின் கலப்பு வேகமாகப் பரவியதைக் காட்டியது. வறட்சியைத் தாங்கும் மாடு, அதனால் ஓட்டிக்கொண்டு போனார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம்.

வணிகம் நின்றதால் அழிந்ததா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: அதுதான் முதல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கி.மு. 1900ஐ ஒட்டிப் பருவமழை பலவீனமானதும் ஆறுகள் மாறியதும் பெரிய அடி, நகரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகி ஜனங்கள் சின்ன ஊர்களுக்குப் போனார்கள். அந்தப் பக்கம் கி.மு. 2004இல் இன்றைய தென்மேற்கு ஈரானிலிருந்து வந்த ஏலாமியர் ஊர் நகரத்தைச் சூறையாடினார்கள். அதற்குப் பிறகு அங்கே செம்பு தில்முன் வழியாகத்தான் வந்தது, மட்டமான செம்பைத் தலையில் கட்டிவிட்டாய் என்று வாடிக்கையாளர் திட்டி எழுதிய பலகையால் இன்று இணையத்தில் கேலிக்குள்ளாகும் ஈயா-நாசிர் அந்தத் தில்முன் வியாபாரிகளில் ஒருவர்தான்.

தேர்வுக்கு ஒரு எச்சரிக்கை. பிற்கால அசீரியக் கல்வெட்டுகளிலும் மெலுஹா வரும், அங்கே அது எகிப்துக்குத் தெற்கே உள்ள நூபியாவைக் குறிக்கிறது. அதைச் சிந்துவெளி என்று எழுதிவிட்டு மதிப்பெண் போச்சே என்று என்னிடம் வராதீர்கள்.