நாள் முழுக்க ஹெட்ஃபோன் மாட்டினால் காது வலிக்கிறது, வயரும் நிலைப்பதில்லை. வெளிச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலேஷன் மாடல் வாங்கினால் தீருமா?

பாதி தீரும். எந்தப் பாதி என்பதை என் காசைக் கரைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. பெரும்பாலும் கிருஷ்ணகிரியில் வீட்டிலிருந்தே செய்கிறேன். வாரம் இரண்டு நாள் பஸ் பிடித்து ஓசூர் போக வேண்டும், சுமார் ஐம்பது கிலோமீட்டர். வீட்டுக்கு நாலு மனை தள்ளி ஒரு கிரானைட் பட்டறை இருக்கிறது. எங்கள் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. பிளேடு கல்லில் இறங்கும்போது பல் கூசும். அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் இரண்டு மாதம் காசு சேர்த்து நாய்ஸ் கேன்சலேஷன் ஹெட்ஃபோன் வாங்கினேன்.

முதல் நாள் ஓசூர் பஸ்ஸில் மாட்டி சுவிட்சைத் தட்டினேன். இன்ஜின் உறுமல் கீழே போய்விட்டது. ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது, சீட் அதிர்கிறது, சத்தம் மட்டும் இல்லை. மறுநாள் வீட்டில் மாட்டி சுவிட்சைத் தட்டினால் கல் அறுக்கும் சத்தம் அதனால் கொஞ்சமும் குறையவில்லை. சொல்லப்போனால் கூடித் தெரிந்தது. அதுவரை அதைக் கொஞ்சம் மூடிக்கொண்டிருந்த ஃபேன் இரைச்சலை ஹெட்ஃபோன் துடைத்துவிட்டதே காரணம்.

விஷயம் இதுதான். ஹெட்ஃபோனில் உள்ள மைக் வெளிச்சத்தத்தைப் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விடுகிறது. ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தால் இரண்டும் அடங்கும். இன்ஜின் உறுமல் போல 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு நூறு அதிர்வு) சத்தத்தின் அலை ஏறத்தாழ மூன்றரை மீட்டர் நீளம். அரை சென்டிமீட்டர் முன்பின் ஆனாலும் பெரிய நஷ்டமில்லை. 5,000 ஹெர்ட்ஸ் கீச்சலின் அலை ஏழு சென்டிமீட்டர்தான். அங்கே அதே அரை சென்டிமீட்டர் பிசகினாலே அடங்குவது குறைந்துவிடும், இன்னும் பிசகினால் சத்தம் கூடவும் செய்யும். அதனால் இப்படிக் கீச்சிடும் சத்தங்களில் மின்னணுச் சுற்று கை வைப்பதே குறைவு. அந்த வேலை காதை மூடும் குஷனுடையது.

போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு இந்த யோசனை வந்தது 1978இல், விமானத்தில் உட்கார்ந்திருந்தபோது. அவருடைய நிறுவனம் 1989இல் கொண்டுவந்ததும் விமானிகளுக்கான ஹெட்செட்தான். ஓயாமல் ஒரே மாதிரி உறுமும் சத்தத்துக்காகப் பிறந்த பொருளை நான் கல் பட்டறைக்கு வாங்கியிருக்கிறேன்! பேச்சுக் குரலும் பெரிதாக அடங்காது. எங்கள் பஸ்ஸில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஓடும். உறுமல் போனபின் நான்கும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கின்றன.

ஆனாலும் பஸ்ஸுக்கு அதை விடமாட்டேன். முன்பு இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைப்பேன், இப்போது பாதிகூட வேண்டியதில்லை. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று சுருங்கும். நம்மைப் போல நாள் முழுக்க மாட்டுகிறவர்களுக்கு உண்மையான லாபம் இங்கேதான்.

ஏற்காடு ஏறும்போது காது அடைக்குமே, நாய்ஸ் கேன்சலேஷன் ஓடும்போது சிலருக்கு அதுபோல ஓர் அழுத்தம் தோன்றும். எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது, என் தங்கைக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை. அதனால் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு மணி நேரமாவது போட்டுப் பாருங்கள்.

இனி வலி. நீங்கள் கண்ணாடி போடுபவரா? நான் போடுகிறேன். கண்ணாடிக் காம்பு குஷனுக்கும் தலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். காதுக்கு மேலே வலிப்பது ஒன்று. காம்பு ஓடும் இடத்தில் சந்து விழுவது மற்றொன்று. பஸ்ஸில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், மீதியிருந்த உறுமலும் குறைந்தது. திரும்ப மாட்டினேன், உறுமல் திரும்பி வந்தது. ஐந்நூறு ரூபாய் ஹெட்ஃபோனோ இருபதாயிரமோ, சந்து இருந்தால் அவ்வளவுதான். மெல்லிய காம்புள்ள ஃபிரேமுக்கு மாறினேன், குஷனும் மெத்தென்று இருப்பதாகப் பார்த்துக்கொண்டேன்.

தலையை இறுக்கிப் பிடித்தால், தலையகலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் இரவு முழுக்க மாட்டி வைக்கலாம். என்னுடையது இரண்டு இரவில் தளர்ந்தது. வளையம் முழு பிளாஸ்டிக் என்றால் வேண்டாம், விரிசல் விடும். காதுக்குள் சொருகும் வகையில் வலித்தால் முதலில் ரப்பரின் அளவை மாற்றுங்கள். டப்பாவோடு வரும் மூன்று அளவில் நடு அளவையே எல்லோரும் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

போலித் தோல் குஷன் நம் வியர்வைக்கு ஓரிரு வருஷம் தாங்கினால் பெரிது. எனக்கு உரிய ஆரம்பித்தபோது காதோரம் கறுப்பாகத் துகள் ஒட்டிக்கொண்டது. "டை அடிச்சீங்களா, சொல்லவே இல்லையே?" என்று வீட்டில் கேட்டார்கள். குஷன் மட்டும் தனியாகக் கிடைக்கும், முழு ஹெட்ஃபோனையும் தூக்கிப்போட வேண்டாம். சித்திரை வெயிலில் எதை மாட்டினாலும் முக்கால் மணிக்கு ஒருமுறை கழற்றிக் காதைத் துடைத்துவிட்டு உட்காருங்கள்.

அப்புறம் வயர். வீட்டு வேலைக்கு நான் இன்றும் காதை முழுக்க மூடும் சாதாரண வயர் ஹெட்ஃபோன்தான். தடித்த குஷன் கல் சத்தத்தை ஓரளவு தடுக்கிறது, சார்ஜ் கவலை இல்லை, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிலும் லேப்டாப்பில் சார்ஜ் உள்ளவரை ஓடும். வயர் பெரும்பாலும் ஜாக்கை ஒட்டிய ஓர் அங்குலத்தில்தான் போகும். ரவுண்டானா பக்கம் செல்போன் பழுது பார்க்கும் பெரியவர் என் வயரைப் பார்த்ததுமே, "வயரைப் புடிச்சு இழுத்துக் கழட்டுறியா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். உறையைச் சீவிக் காட்டினார். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பிகள், சிவப்பும் பச்சையுமாகப் பூச்சு, நடுவில் பாதி அறுந்து கிடந்தன. அந்தப் பூச்சைச் சுட்டு எடுக்காமல் ஈயம் ஒட்டாது. வீட்டில் நான் பற்றவைத்துத் தோற்றது அதனால்தான்.

சுருட்டும் முறையை ஊர்த் திருவிழாவுக்கு வந்த மைக் செட் பையனிடம் கற்றேன். நான் முழங்கையில் சுற்றுவதைப் பார்த்து, "அப்படிச் சுத்துனா உள்ள முறுக்கிக்கும்ணா" என்று வாங்கிக்கொண்டான். ஒரு வளையம் மேலாக, அடுத்தது உள்பக்கம் திருப்பி, இப்படி மாற்றி மாற்றி உள்ளங்கையளவு வளையமாகப் போட்டான். ஒரு முனையைப் பிடித்து வீசினால் முடிச்சில்லாமல் நீளுகிறது. போனைச் சுற்றிக் கட்டி பேன்ட் பாக்கெட்டில் திணிக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். அந்த வயருக்கு இப்போது மூன்றாவது வருஷம்.

சரி, வாங்கலாமா என்றால், உங்கள் பக்கத்தில் என்ன சத்தம் என்று நீங்கள் எழுதவில்லையே. ஏசியா, மாவு மில்லா, பக்கத்து வீட்டுக் குழந்தைகளா? அதைக் கேள்வியில் சேருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.