பிளாஸ்டிக் டப்பாவுக்குக் காப்புரிமையா?

கேள்வி: அமெரிக்காவில் ஏ.ஆர்.-15 ரக ரைஃபிள்களுக்கு இப்போது பிளாஸ்டிக் மேகசின்தான், அதாவது தோட்டா அடைத்து மாட்டும் பெட்டிதான், அதிகம் விற்கிறதாம். நல்ல உலோகத்தை விட்டுவிட்டு உடையும் பொருளுக்குப் போவது லாப வெறிதானே? போதாக்குறைக்கு, ஸ்பிரிங் வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குக் காப்புரிமை கோரி ஆளுக்கு ஆள் வழக்கு வேறு. இதில் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது?

பதில்: பத்திரிகை என்கிற மேகசின் நடத்துகிறவனிடம் மேகசினைப் பற்றியே கேட்டுவிட்டீர்கள். நான் நடத்துவது மடங்கும், கிழியும். ஆனால் தோட்டாவை ஊட்டாது. நீங்கள் கேட்பது ஊட்டும் ரகம் என்பதால் அதையே பார்ப்போம்.

'உடையும் பொருள்' என்று தீர்ப்பை எழுதிவிட்டுக் கேள்வியைத் தொடங்கியிருக்கிறீர்கள். உங்கள் மனக்கண்ணில் நிற்பது விளிம்பு உடைந்த வாளி. இங்கே பேச்சு கண்ணாடி இழை கலந்த நைலானைப் பற்றியது.

ஒரு மேகசினைக் கையில் எடுத்து மேல்வாயைப் பாருங்கள். இரண்டு பக்கமும் உள்நோக்கி வளைந்த இரண்டு விளிம்புகள் இருக்கும், உதடுகள் என்பார்கள். கீழிருந்து ஸ்பிரிங் தள்ள, மேல் தோட்டாவை வெளியே துள்ளவிடாமல் பிடித்து வைப்பவை அவைதாம். ஒவ்வொரு முறையும் துப்பாக்கிக்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட் என்ற உலோகத் துண்டு முன்னே வந்து அந்த ஒரு தோட்டாவை மட்டும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். உதடு மயிரிழை அகன்றாலும் தோட்டா முன்னதாகவே நழுவும், இரண்டாகக் கிளம்பும், துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். ஏ.ஆர்.-15-இன் ராணுவ வடிவமான எம்-16-க்கென வந்த அலுமினிய மேகசினின் பெரிய நோயே இதுதான். கான்கிரீட்டில் தலைகீழாக விழுந்தால் உதடு வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியாது. அது மறுபடியும் பைக்குள் போகும், அடுத்த முறை அடைத்துக்கொள்ளும், பழி துப்பாக்கி மேல் விழும். நைலானோ வளைந்து பழைய இடத்துக்குத் திரும்பும், இல்லையென்றால் விரிசல் விடும். விரிசலைக் கண்டால் தூக்கி எறிந்துவிடலாம். என்னைக் கேட்டால், தெரியாமல் கெடுவதைவிடத் தெரிந்து கெடுவதே மேல்.

பிளாஸ்டிக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. கடுங்குளிரில் அது நொறுங்கும் தன்மை பெறும். நைலான் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சினால்தான் அடி தாங்கும். எலும்பாகக் காய்ந்துபோனால் சட்டென்று உடையும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, விடாத பாரம். 30 தோட்டா அடைத்து மாதக்கணக்கில் வைத்தால், ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் பிளாஸ்டிக் உதடு மெல்ல மெல்ல இடம் கொடுக்கும். 1999-இல் தொடங்கிய மேக்புல் நிறுவனம் 2007-இல் 'பிமேக்' என்ற தன் பிளாஸ்டிக் மேகசினைக் கொண்டுவந்தபோது, மேல்வாய்க்கு ஒரு மூடியும் சேர்த்துக் கொடுத்தது இதற்காகத்தான். அதை மாட்டினால் தோட்டா வரிசை சற்றுக் கீழே அமுங்கும். உதட்டின் மேல் பாரம் இருக்காது. பார்ப்பவர்களுக்கு அது தூசி மூடி.

பிளாஸ்டிக் மேகசின் நேற்று முளைத்ததும் அல்ல. சோவியத் நாட்டில் 1960-களிலேயே ஏ.கே. துப்பாக்கிகளுக்குச் செங்காவி நிற மேகசின் செய்தார்கள். ஊர் உலகம் அதை 'பேக்கலைட்' என்றே சொல்கிறது. உண்மையில் அதுவும் கண்ணாடி இழை சேர்த்த பிசின்தான். ஆஸ்திரிய ராணுவம் 1970-களின் கடைசியில் ஏற்ற ஸ்டையர் துப்பாக்கியில், உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே எண்ணலாம். அப்படி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்.

அமெரிக்க மரைன் படை 2012-இல் பிமேக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது உண்மை. உங்கள் கட்சிக்கு ஆதாரம் கிடைத்தது என்று துள்ள வேண்டாம். அது உடைந்துபோனதால் வந்த தடை அல்ல. படை புதிதாக வாங்கிய எம்-27 துப்பாக்கியின் மேகசின் குழிக்குள் அன்றைய பிமேக் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். அடுத்து வந்த வடிவத்தில் அதைச் சரிசெய்தார்கள். 2016 டிசம்பரில் அதே படை அதற்கு அனுமதி கொடுத்தது.

இனி காப்புரிமை. பிளாஸ்டிக்கில் செய்ததற்காக மட்டும் யாரும் காப்புரிமை வாங்கிவிட முடியாது. இதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1851-இலேயே முடித்துவைத்துவிட்டது. அந்த வழக்கு கதவுக் குமிழைப் பற்றியது. மரத்திலும் உலோகத்திலும் இருந்த குமிழைக் களிமண்ணிலும் பீங்கானிலும் செய்து காப்புரிமை வாங்கியிருந்தார்கள். பொருளை மாற்றுவது தேர்ந்த தொழிலாளி செய்யும் வேலை, கண்டுபிடிப்பாளன் செய்யும் வேலை அல்ல என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. கழற்றி மாட்டும் பெட்டி மேகசினும் யாருடைய சொத்தும் அல்ல. துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜேம்ஸ் பாரிஸ் லீ அதற்கு 1879-இல் காப்புரிமை பெற்றார், அது காலாவதியாகி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. சுட்டதில் எழும் வாயுவைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றும் ஏ.ஆர்.-15-இன் இயக்கத்துக்கு அதை வடிவமைத்த யூஜின் ஸ்டோனர் வாங்கியதும் 1977-இல் முடிந்தது. துப்பாக்கியை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆன பிறகுதானே மேகசினுக்கு இத்தனை பெரிய சந்தை!

அப்படியானால் சண்டை எதற்கு? நான் மேலே விவரித்த அந்தச் சின்ன இடங்களுக்குத்தான். பாரத்தை இறக்கும் மூடி எப்படி மாட்டுகிறது, தோட்டாவைத் தூக்கும் தட்டு சாயாமல் எப்படி ஏறுகிறது, அடித்தட்டு கீழே விழுந்தாலும் கழலாமல் எது பூட்டுகிறது. பிளாஸ்டிக் எங்கே தோற்கும் என்று தெரிந்து, அங்கே செய்த வைத்தியத்துக்கே காப்புரிமை. நீங்கள் தனித்தனியாகக் கேட்ட உறுதியும் வழக்கும் சந்திக்கும் இடமும் அதுவே.

வழக்கு நடப்பதோ பொருளை மேசையில் வைத்து அல்ல, சொல்லை வைத்து. எது தன் கண்டுபிடிப்பு என்று சொல்லும் காப்புரிமையின் ஒரு கோரிக்கையில் ஐந்து உறுப்புகள் எழுதியிருந்தால், எதிரியின் மேகசினில் ஐந்தும் இருக்க வேண்டும், அல்லது அவற்றுக்கு ஈடானவை இருக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு வேறு வழி கண்டவன் தப்பிப்பான். 'விளிம்பு' என்றால் எதுவரை விளிம்பு என்று வழக்கறிஞர்கள் மாதக்கணக்கில் வாதாடுவதைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் அமெரிக்க அரசே குனிந்து பணம் கொடுத்திருக்கிறது. தன் ராணுவத்துக்குச் செய்த ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிளிலும் அதன் தோட்டாக் கிளிப்பிலும் ஜெர்மனியின் மௌசர் நிறுவனத்தின் காப்புரிமைகள் இருப்பது தெரிந்ததும், ரைஃபிளுக்கு 75 சென்ட், ஆயிரம் கிளிப்புக்கு 50 சென்ட் என்று 2 லட்சம் டாலர் வரை அந்த நிறுவனத்துக்குக் கட்டியது. கிளிப் என்பது சில தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு தகட்டுத் துண்டு. உங்கள் டப்பாவில் பாதி கூட இல்லை.

காப்புரிமை சாகாவரமும் அல்ல. அமெரிக்கச் சட்டப்படி விற்பனை தொடங்கிய ஓராண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு ஆயுள், அலுவலகத் தாமதத்துக்கு ஈடாக வேண்டுமானால் கொஞ்சம் கூடும். 2007-இல் விற்ற முதல் பிமேக்கின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு வந்த திருத்தங்களுக்குத் தனிக் கணக்கு.