ஏர்பிஎன்பி வாடகையை ஏற்றுகிறதா: உங்கள் ரெக்ரஷன் ஏன் போதாது

அமெரிக்க நகரங்களில் அஞ்சல் குறியீடு வாரியாக ஏர்பிஎன்பி (வீடுகளைப் பயணிகளுக்குக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும் இணையதளம்) வீடுகளின் எண்ணிக்கையையும் அங்குள்ள வீட்டு வாடகையையும் வைத்து ரெக்ரஷன் (இரண்டுக்கும் உள்ள உறவை அளக்கும் புள்ளியியல் கணக்கு) ஓட்டினீர்கள், உறவு பலமாக வந்தது, ஆனால் ஆய்வேட்டு வழிகாட்டி ஏற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது சரிதான். ஒரு பகுதிக்கு மவுசு கூடினால் வாடகையும் ஏறும், ஏர்பிஎன்பியும் பெருகும். எது எதை இழுத்தது என்று உங்கள் எண் சொல்லாது. கட்டுப்பாட்டு மாறிகளை (வாடகையைப் பாதிக்கக்கூடிய பிற காரணிகளை) இன்னும் நாலு சேர்த்தாலும் இதே கதைதான்.

இந்தச் சிக்கலுக்கு, பாரன், குங், ப்ரோசர்பியோ என்ற மூன்று ஆய்வாளர்கள் 2021-இல் மார்க்கெட்டிங் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். கூகுளில் ஏர்பிஎன்பியைத் தேடும் அளவு மாதாமாதம் மாறும். அதை, ஒவ்வோர் அஞ்சல் குறியீட்டிலும் தொடக்கத்திலேயே இருந்த உணவகங்கள், விடுதிகளின் எண்ணிக்கையோடு பெருக்கிக் கருவி மாறி ஆக்கினார்கள், அதாவது ஏர்பிஎன்பி எண்ணிக்கையை அசைக்கும், ஆனால் வேறு வழியில் வாடகையைத் தொடாத ஒன்று. ஏர்பிஎன்பி வீடுகள் 1% கூடினால் வாடகை 0.018%, வீட்டு விலை 0.026% ஏறுகிறது என்பது முடிவு. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த ஆண்டுகளில் ஏர்பிஎன்பி வீடுகள் வளர்ந்த வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொந்த வீட்டில் குடியிருப்போர் அதிகமுள்ள இடங்களில் விளைவு குறைவு.

எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த சோதனை. ஏர்பிஎன்பியே நுழையாத குறியீடுகளில் அந்தக் கருவி மாறிக்கும் வாடகைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. கருவி மாறி வேறு வழியில் வாடகையை இழுத்திருந்தால் அங்கேயும் தொடர்பு தெரிந்திருக்கும். இதை உங்கள் தரவிலும் செய்து, அந்த அட்டவணையோடு வழிகாட்டியைப் போய்ப் பாருங்கள். அப்புறம், நிலையான விளைவுகளை (ஓர் இடத்துக்கே உரிய, காலத்தோடு மாறாத தன்மைகளைக் கழிக்கும் முறை) அஞ்சல் குறியீட்டு அளவில் போட்டீர்களா, நகர அளவிலா? உங்கள் பதிவில் அது தெளிவாக இல்லை.