நெகட்டிவ் யார் கையில்?

போன இதழில் அமெரிக்க நடிகர்-இயக்குநர் ஜான் கஸாவெட்டீஸின் ‘ஷேடோஸ்’ படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு அமெரிக்க சுயாதீன (இண்டிபெண்டன்ட்) சினிமா பற்றி ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான். தமிழ் சினிமா கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறைந்த செலவில் எடுத்தால் அது இண்டிபெண்டன்ட் படம் ஆகிவிடுமா மேடம்?
*(திண்டுக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)*

ஆகாதும்மா. பெரிய ஸ்டுடியோக்களே சில்லறைக் காசில் வரிசையாகப் படம் எடுத்துத் தள்ளிய காலம் உண்டு. கோடம்பாக்கத்தில் எடிட்டிங் உதவியாளராகக் காலம் தள்ளியவள் நான். எனக்குத் தெரிந்த அளவுகோல் இரண்டுதான்: கடைசி வெட்டு, அதாவது எடிட்டிங்கில் இறுதி முடிவு, யாருடையது? பிரிண்டுகளுக்கெல்லாம் மூலமான நெகட்டிவ் யார் பெயரில் ஃபிலிம் கழுவும் லேபில் கிடக்கிறது?

‘இண்டிபெண்டன்ட்’ என்ற பெயரே ஒரு பணச் சண்டையில் பிறந்ததுதான். 1908இல் எடிசனும் வேறு சில கம்பெனிகளும் கேமரா, புரொஜெக்டர் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கூட்டணி அமைத்தார்கள். அவர்கள் லைசென்ஸ் இல்லாமல் படம் எடுக்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. தியேட்டர்காரர் வாரத்துக்கு 2 டாலர் கப்பம் கட்ட வேண்டும். கட்டமாட்டேன் என்று நின்றவர்களைத்தான் முதலில் ‘இண்டிபெண்டன்ட்’ என்று அழைத்தார்கள். அவர்களில் முக்கியமானவர் கார்ல் லெம்லி. 1915இல் நீதிமன்றம் கூட்டணிக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அதற்குள் லெம்லி என்ன ஆகியிருந்தார் தெரியுமா? யுனிவர்சல் கம்பெனியின் முதலாளி!

கஸாவெட்டீஸ்தான் இதற்கெல்லாம் தாத்தா என்று எங்கள் பிலிம் கிளப்பில் சொல்கிறார்கள். சரியா?
*(பாளையங்கோட்டை ஆசிரியர் ஒருவர்)*

தாத்தாவுக்கும் ஒரு தாத்தா உண்டு சார். ஆஸ்கர் மிஷோ. 1884இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். ரயிலில் ‘புல்மன்’ என்ற படுக்கை வசதிப் பெட்டிகளில் பயணிகளுக்கு ஊழியம் பார்த்தார். அந்தச் சேமிப்பில் தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி, சுற்றிலும் வெள்ளைக்காரர்களே இருந்த ஊரில் விவசாயம் செய்தார். அந்த அனுபவத்தை நாவலாக எழுதி, தானே அச்சிட்டு, வீடு வீடாகப் போய் விற்றார்.

‘தி ஹோம்ஸ்டெடர்’ என்ற அவருடைய நாவலைப் படமாக்க லாஸ் ஏஞ்சல்ஸில் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி கேட்டது. அதுவும் கறுப்பினத்தவர் நடத்திய கம்பெனிதான். “தருகிறேன், ஆனால் படப்பிடிப்பு என் மேற்பார்வையில் நடக்க வேண்டும்” என்பது மிஷோவின் நிபந்தனை. அவர்கள் ஒப்பவில்லை. சரி, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று பங்குகள் விற்றுப் பணம் திரட்டினார். பங்கு வாங்கியவர்களில் அவரிடம் நாவல் வாங்கிய விவசாயிகளும் இருந்தார்கள். 1919இல் படம் சிகாகோவில் வெளியானது. இன்று அதன் ஒரு பிரிண்ட்கூட இல்லை.

அவர் வியாபாரம் செய்த விதத்தைக் கேட்டால் நம் பழைய விநியோகஸ்தர்களே அசந்துபோவார்கள். எடுக்கப்போகிற படத்தின் ஸ்டில்களைக் காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவார். தியேட்டர்காரர்களிடம் காட்டி அட்வான்ஸ் வாங்குவார். அந்த அட்வான்சில்தான் படமே எடுப்பார். பிறகு பிரிண்டைத் தூக்கிக்கொண்டு அதே ஊர்களுக்கு மறுபடியும் போவார். கறுப்பினத்தவரைப் பகலில் உள்ளே விடாத தியேட்டர்கள் பல அன்று இருந்தன. அங்கே நள்ளிரவுக் காட்சி கேட்டு வாங்குவார்.

1920இல் வந்த ‘விதின் அவர் கேட்ஸ்’ படத்தில் ஒரு குடும்பத்தைக் கும்பல் பிடித்துத் தூக்கிலிடுகிற காட்சி இருக்கிறது. முந்தைய ஆண்டு கோடையில்தான் சிகாகோவில் இனக்கலவரம் நடந்து ஓய்ந்திருந்தது. அந்தக் காட்சியால் மறுபடியும் கலவரம் வெடிக்கும் என்று தணிக்கைக் குழு இழுத்தடித்தது. பிறகு அந்தப் படமும் காணாமல் போனது. பல பத்தாண்டுகள் கழித்து ஸ்பெயினில் ‘லா நெக்ரா’ என்ற பெயரில் ஒரு பிரிண்ட் கிடைத்தது. ஊமைப்படம் என்பதால் வசனத்துக்குப் பதிலாக நடுநடுவே வரும் எழுத்து அட்டைகள் எல்லாம் ஸ்பானிஷ் மொழியில் இருந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவற்றைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து 1993இல் படத்தைச் சீரமைத்தது.

மிஷோ நாற்பதுக்கு மேல் படங்கள் எடுத்தார். எல்லாம் தரமானவை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே டேக்கில் ஓகே செய்திருக்கிறார் என்று பல இடங்களில் பார்த்ததும் தெரியும். ஃபிலிமுக்குக் காசில்லாத மனிதர் வேறு என்ன செய்வார்? 1928இல் திவாலானார். பேசும்பட காலத்தில் வெள்ளையர் முதலீட்டோடு திரும்பி வந்தார். 1951இல் இறந்தார்.

ரேடியோவில் காசு கேட்டு ‘ஷேடோஸ்’ எடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். விவரமாகச் சொல்ல முடியுமா?
*(புதுச்சேரி வாசகர்)*

இதைக் கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன்.

1957. நியூயார்க்கில் ஜீன் ஷெப்பர்ட் என்பவர் ராத்திரி நேரத்தில் ரேடியோவில் பேசுவார். தூக்கம் வராதவர்கள் எல்லாம் அவருக்கு ரசிகர்கள். கஸாவெட்டீஸ் அப்போது வளர்ந்துவரும் நடிகர். தான் நடித்த ஒரு ஹாலிவுட் படத்தை விளம்பரப்படுத்தத்தான் அந்த நிகழ்ச்சிக்குப் போனார். போன இடத்தில், இதைவிட நல்ல படம் என்னால் எடுக்க முடியும், மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு டாலர் அனுப்புங்கள் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். வாய் சும்மா இருக்கவில்லை! தபாலில் டாலர் நோட்டுகள் வர ஆரம்பித்தன. சுமார் 2,000 டாலர் சேர்ந்தது. மொத்தச் செலவு ஏறக்குறைய 40,000. மீதிக்கு நண்பர்கள், கடன், தன் நடிப்புச் சம்பளம். கடனை அடைக்க ஒரு டிவி தொடரில் துப்பறிவாளராகக்கூட நடித்தார்.

தன் நடிப்புப் பயிற்சி மாணவர்களை வைத்து 16 எம்.எம். என்ற சிறிய அளவு ஃபிலிமில் எடுத்தார். 1958 இறுதியில் சிலருக்குப் போட்டுக் காட்டினார். விமர்சகர் ஜோனஸ் மேகஸ் தலையில் வைத்துக் கொண்டாடினார். தன் பத்திரிகையின் முதல் விருதையே அதற்குக் கொடுத்தார். கஸாவெட்டீஸுக்குத்தான் படம் பிடிக்கவில்லை. கேமரா ஜாலம் இருக்கிறது, ஆட்கள் இல்லை என்று பட்டது. நடிகர்களைத் திரும்பக் கூப்பிட்டு, புதிய காட்சிகள் எழுதிச் சேர்த்து, 1959இல் வேறொரு படமாகவே ஆக்கிவிட்டார். மேகஸுக்கு வந்ததே கோபம், படத்தைக் கெடுத்துவிட்டார் என்று பகிரங்கமாக எழுதினார். இதில் வேடிக்கை, எழுதிச் சேர்த்த அந்த இரண்டாம் வடிவத்தின் முடிவில்தான் “நீங்கள் பார்த்தது முன் தயாரிப்பு இல்லாமல் நடித்த படம்” என்ற பொருளில் ஒரு அட்டை வருகிறது.

முதல் வடிவம் தொலைந்துபோனது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பேராசிரியர் ரே கார்னி அதன் பிரிண்டைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி 2004இல் ராட்டர்டாம் விழாவில் காட்டினார். கஸாவெட்டீஸின் மனைவி ஜீனா ரோலண்ட்ஸ் ஆட்சேபித்தார். மறுபடியும் அது பெட்டிக்குள் போனது. கணவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை நீங்கள் எப்படிக் காட்டலாம் என்பது அவர் பக்க நியாயம். நான் அவர் பக்கம்தான்.

பாராட்டு வாங்கிய படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்க எந்த ஸ்டுடியோ விடும்? அவர் ஸ்டுடியோவுக்குப் போய் அடிபட்டதும் உண்டு. 1963இல் ‘எ சைல்ட் இஸ் வெயிட்டிங்’ படத்தில், தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமர் படத்தை அவர் கையிலிருந்து எடுத்து வேறு மாதிரி வெட்டினார். கஸாவெட்டீஸ் அதைத் தன் படம் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை.

அதன் பிறகு பிறர் படங்களில் நடித்துச் சம்பாதிப்பது, தன் படத்தில் கொட்டுவது என்று ஆனது வாழ்க்கை. ‘ஃபேசஸ்’ படத்தைத் தன் வீட்டிலும் மாமியார் வீட்டிலும் எடுத்தார். கேரேஜில் எடிட்டிங். வருடக்கணக்கில் நடந்தது. முதல் வடிவம் மூன்று மணி நேரத்துக்கும் மேல்! 1968இல் வெளியாகி மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. 1974இல் ‘எ உமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’ எடுக்க வீட்டை அடமானம் வைத்தார். நடிகர் பீட்டர் ஃபாக் 5 லட்சம் டாலர் போட்டார். படத்தை வாங்க விநியோகஸ்தர் யாரும் வரவில்லை. தாங்களே தியேட்டர்களுக்கு போன் போட்டுப் பேசி வெளியிட்டார்கள். அதில் கதாநாயகியாக நடித்த ஜீனா, கணவனோடு வேலை பார்ப்பவர்களுக்கு ஸ்பகெட்டி பரிமாறும் காட்சியை மட்டுமாவது பாருங்கள்.

பெண்கள் யாரும் இல்லையா?
*(சிவகங்கையிலிருந்து ஒரு வாசகி)*

பார்பரா லோடன். நடிகை, இயக்குநர் இலியா கஸானின் மனைவி. வங்கிக் கொள்ளைக்கு உடந்தையாக இருந்த ஒரு பெண், தனக்குச் சிறைத்தண்டனை கொடுத்த நீதிபதிக்கு நன்றி சொன்னாள் என்று பேப்பரில் படித்தார். அந்த நன்றி அவரை விடவில்லை. நாலு பேர் குழுவோடு, தானே எழுதி, இயக்கி, நடித்த படம் ‘வாண்டா’. 1970இல் வெனிஸ் விழாவில் பரிசு வாங்கியது. சொந்த நாட்டில் சீந்துவார் இல்லை. 1980இல் 48 வயதில் புற்றுநோயில் இறந்தார். வேறு முழுநீளப் படம் எடுக்கவே இல்லை.

பல வருடம் கழித்து ஹாலிவுட்டில் ஒரு லேபை மூடியபோது, குப்பைக்குப் போகவிருந்த பெட்டிகளுக்கு நடுவே ‘வாண்டா’வின் ஒரிஜினல் நெகட்டிவை மீட்டார் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தின் ராஸ் லிப்மன். அதிலிருந்துதான் இன்று நாம் பார்க்கிற பிரிண்ட் வந்தது. லேப் பாக்கி கட்டாத தயாரிப்பாளர்களின் பெட்டிகள் அடுக்கடுக்காகத் தூசி தின்றதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு படத்தின் கடைசி ரீலை மட்டும் தேடி மூன்று லேப் அலைய வைத்த தயாரிப்பாளர் ஒருவரும் உண்டு. பெயர் வேண்டாம்.

‘கில்லர் ஆஃப் ஷீப்’ மாபெரும் படம் என்கிறார்கள். அப்புறம் ஏன் முப்பது வருடம் வெளியாகவில்லை?
*(சேலம், குறும்பட இயக்குநர்)*

பாட்டு உரிமை, தம்பி. சார்ல்ஸ் பர்னெட் அதை யூ.சி.எல்.ஏ. மாணவராக எடுத்தார். லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதி, ஆட்டுத்தொட்டியில் வேலை பார்க்கும் ஒரு மனிதன், அவன் குடும்பம், கூரை விட்டுக் கூரை தாவும் பிள்ளைகள். வார இறுதிகளில் படப்பிடிப்பு, செலவு 10,000 டாலருக்கும் குறைவு. பட்டப்படிப்புக்கு எடுத்த படம் என்பதால் டைனா வாஷிங்டன், பால் ராப்சன் என்று பிடித்த பாடல்களைத் தாராளமாகப் போட்டுவிட்டார். 1970களின் இறுதியில் முடிந்த படம். 1981இல் பெர்லினில் விமர்சகர் பரிசு, 1990இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம். டிக்கெட் வாங்கிப் பார்க்க மட்டும் வழியில்லை. 2007இல் மைல்ஸ்டோன் என்ற விநியோக நிறுவனம் சுமார் ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்து உரிமைகளை வாங்கிய பிறகுதான் தியேட்டருக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், படம் எடுத்த செலவைப்போலப் பதினைந்து மடங்கு!

உங்கள் குறும்படத்தில் இளையராஜா பாட்டு டீக்கடை ரேடியோவில் ஓடுகிறதா? இப்போதே எடுத்துவிடுங்கள்.

சண்டான்ஸ் விழாவில் தேர்வானால்தான் மதிப்பா?
*(கோவை)*

1978இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் சின்னதாகத் தொடங்கிய திரைப்பட விழா அது. 1985இல் நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்டின் சண்டான்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது. 1989இல் ஸ்டீவன் சோடர்பர்கின் ‘செக்ஸ், லைஸ் அண்ட் வீடியோடேப்’ அங்கே பார்வையாளர் விருது வாங்கி, அடுத்து கான் விழாவில் முதல் பரிசும் வாங்கியதும் வியாபாரிகள் அங்கே படையெடுத்து வந்துவிட்டார்கள். 1993இல் டிஸ்னியே, இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டுவந்த மிராமேக்ஸ் கம்பெனியை வாங்கியது. அதன் பிறகு ‘இண்டி’ (இண்டிபெண்டன்ட்டின் சுருக்கம்) என்பது பாதி வெறும் லேபிள்தான். ஆனாலும் பேர் தெரியாத ஒருவர் படத்தை நாலு பேர் பார்க்க அது இன்றும் நல்ல இடம்தான். 2027 முதல் கொலராடோவின் போல்டர் நகருக்கு மாறுகிறது.

நம்ம ஊர் சம்பந்தம் ஏதாவது?
*(சென்னை, மயிலாப்பூர்)*

உண்டு. ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ பேய்ப் படம் எடுத்த மனோஜ் நைட் ஷியாமளன் மாணவராக இருந்தபோதே உறவினர், நண்பர்களிடம் கடன் வாங்கி எடுத்த முதல் படம் ‘பிரேயிங் வித் ஆங்கர்’, 1992. படப்பிடிப்பு நம் சென்னையில்தான். இது பேய்ப் படம் இல்லை.

என் மகன் செல்போனிலேயே சினிமா எடுக்கப்போகிறேன் என்று வேலையை விடப் பார்க்கிறான். அமெரிக்காவில் அப்படி எடுத்து ஜெயித்திருக்கிறார்களாமே?
*(ஈரோட்டிலிருந்து ஒரு தாய்)*

ஷான் பேக்கரைச் சொல்கிறான் போலிருக்கிறது. 2015இல் ‘டேஞ்சரின்’ படத்தை ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தார், நிஜம்தான். 2025இல் ‘அனோரா’வுக்கு ஒரே இரவில் நாலு ஆஸ்கர் வாங்கினார், அதுவும் நிஜம். ஆனால் ‘டேஞ்சரின்’ அவருடைய ஐந்தாவது படம் என்பதை உங்கள் மகன் சொல்லியிருக்க மாட்டான். அதற்கு முன் டிவியில் வேலை பார்த்தவர் அவர்.

கெவின் ஸ்மித்தின் கதையையும் சொல்லுங்கள். நியூ ஜெர்சியில் ஒரு சின்னக் கடையில் பகலில் கல்லாவில் நின்றார், கடை மூடிய பிறகு ராத்திரியில் அதே கடையில் ‘கிளார்க்ஸ்’ எடுத்தார். இரவு என்று தெரியாமலிருக்க, ஷட்டர் பூட்டில் யாரோ சூயிங்கம் அடைத்துவிட்டார்கள் என்று கதையிலேயே ஒரு காரணம் வைத்தார். செலவு 27,575 டாலர், பெரும்பகுதி கிரெடிட் கார்டில். கார்டு விஷயத்தை மட்டும் மகனிடம் சொல்லிவிடாதீர்கள். அப்படிக் கடன் வாங்கி எடுத்து விற்காமல் போனவர்களைப் பற்றி யாரும் பேட்டி எடுப்பதில்லை.

வேலை இருக்கட்டும். சனி, ஞாயிறு எடுக்கட்டும். உங்களால் முடிந்தால் ஒரு நல்ல மைக் வாங்கிக் கொடுங்கள். போனில் படம் நன்றாகவே விழும், வசனம்தான் காற்றோடு போய்விடும். அதைச் சரிசெய்ய எந்த எடிட்டராலும் ஆகாது.