மாணவர்க்குத் துணை நிற்பதையே பணியாகக் கொள்ளலாமா?

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 28. எம்.காம்., பி.எட். முடித்து, ஒரு சுயநிதிக் கல்லூரியில் மூன்று ஆண்டுகளாக உதவிப் பேராசிரியராக இருக்கிறார். வகுப்பு முடிந்ததும் மாணவிகள் அவரைத் தேடி வருகிறார்கள். அரியர், கட்டணம், வீட்டில் பேசும் கல்யாணம், விடுதியில் ஒத்துப்போகாத அறைத்தோழி என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கிறது. "பாடம் நடத்துவதைவிட இதில்தான் என் மனம் செல்கிறது. இதையே முழுநேரப் பணியாக்கிக்கொள்ள முடியுமா? தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. உளவியல் சேரலாமா? டெல்டாவிலேயே வேலை கிடைக்குமா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா? ஒரு பெண் அழுதுவிட்டுப் போனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வருவதில்லை. இப்படிப்பட்டவள் இந்த வேலைக்குத் தகுவேனா?" என்று கேட்கிறார்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொலைநிலைக் கல்வியில் உளவியல் சேர வேண்டாம். இணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. அதன் வரம்புக்குள் வரும் படிப்புகளை, உளவியலையும் சேர்த்து, 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. வேலையை விடாமல் வீட்டிலிருந்தே படித்துவிடலாம் என்ற எண்ணம் உங்கள் நிலையில் இயல்பானதுதான் என்றாலும், பணத்தையும் இரண்டு ஆண்டுகளையும் கொடுத்த பிறகு செல்லாத பட்டத்தோடு நிற்க நேர்ந்தால், அந்த இழப்பை ஈடுசெய்ய வழியே இருக்காது.

அடுத்து, நீங்கள் விரும்பும் பணி உண்மையில் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கல்வி ஆலோசகர் என்பது தனித் தொழில். அவர்களுக்கென்று 1979-இல் தொடங்கிய தொழில்முறைச் சங்கமே இருக்கிறது. எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுப்பது, துறை மாறலாமா, இடைநின்றவர் எப்படித் திரும்பி வருவது என்பவற்றையெல்லாம் அவர் மாணவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய உதவுகிறார். மனநல ஆலோசனை அங்கே வேறு அறையில், வேறு தகுதியுடையவரிடம் இருக்கிறது. நம் கல்லூரிகளில் இந்த வேலை துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது: வருகைப்பதிவு வகுப்பு டியூட்டரிடம், உதவித்தொகை அலுவலக எழுத்தரிடம், சாப்பாட்டுக் கவலையும் காய்ச்சலும் வார்டனிடம், வேலைவாய்ப்பு பிளேஸ்மென்ட் பிரிவில். மாணவரை முழு மனிதராகப் பார்ப்பவர் யாரும் இல்லை. உங்களிடம் மாணவிகள் வருவதும் அதனால்தான். நீங்கள் அன்பானவர் என்பது மட்டும் காரணமாக இருந்துவிட முடியாது.

வாழ்க்கையில் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும்போது மனிதர் எப்படித் தடுமாறுகிறார் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் நான்சி ஷ்லாஸ்பெர்க் 1981 முதல் ஒரு கோட்பாடாக வளர்த்தெடுத்தார். சூழ்நிலை, தான், துணை, கையாளும் வழிகள் ஆகிய நான்கையும் பார்த்தால் ஒருவர் அந்த மாற்றத்தை எப்படிக் கடப்பார் என்பது புலப்படும் என்பது அதன் சாரம். அதில் நமக்கு மிகவும் பயன்படுவது, நடக்கும் என்று எதிர்பார்த்து நடக்காமல் போனதும் ஒரு மாற்றமே என்று அவர் சொன்ன பகுதி. நீட் தேர்வில் இடம் கிடைக்காமல் பி.எஸ்சி. விலங்கியலில் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு எதுவும் 'நடக்கவில்லை' என்பதால் வீட்டில் யாரும் ஆறுதல் சொல்வதில்லை. கல்லூரியோ அவளைப் புதிதாகச் சேர்ந்த மகிழ்ச்சியான மாணவியாகவே வரவேற்கிறது. முதல் பருவத்தில் பேசாமல் இருக்கும் பிள்ளைகளில் பலர் இப்படிப்பட்டவர்கள் என்பது என் அனுபவம்.

டெல்டாவில் இதோடு சாகுபடிக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. சம்பா நடவு, வடகிழக்குப் பருவமழை, நவம்பர் பருவத்தேர்வு ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருகின்றன. தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய அந்த நாட்களில் விவசாயக் குடும்பத்தின் பணம் முழுவதும் வயலில் இருக்கிறது, அது கைக்குத் திரும்பத் தை, மாசி ஆகும். இந்தக் காலண்டரை அறியாதவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் இங்கே மாணவர் ஆலோசகராக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், தலைஞாயிறு பக்கத்து முதலாமாண்டு மாணவர் ஒருவர் மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தோடு கல்லூரியில் என் மேசை முன் வந்து நின்றார். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தார். "டி.சி. மட்டும் குடுத்துருங்க மேடம், மூணரை மணி பஸ்ஸ பிடிக்கணும்" என்றார். கண்கள் சிவந்திருந்தன, சட்டைக் காலரில் வைக்கோல் தூசி. "நெல்லு போட்டாச்சா தம்பி?" என்று கேட்டேன். அப்பாவுக்குத் துணையாகக் கொள்முதல் நிலையத்தில் நான்கு இரவு குவியலுக்குக் காவல் இருந்ததாகச் சொன்னார். அதன் பிறகுதான் மற்றது வந்தது. அக்டோபரில் வயலில் தண்ணீர் நின்று மறுநடவு செய்ய வேண்டியிருந்ததால் மூன்று வாரம் வரவில்லை. வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போயிற்று. அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்த 'கண்டனேஷன்' பட்டியலில் தன் பெயரைப் பார்த்திருக்கிறார். வருகைக் குறைவைப் பொறுத்துக்கொண்டு தேர்வெழுத விடும் சலுகை அது. அவரோ அதைக் 'கண்டனம்' என்று புரிந்துகொண்டு, ஏதோ ஒழுங்கு நடவடிக்கை என்று அஞ்சி, அப்பாவிடம் சொல்லாமல் தேர்வுக்கே வராமல் இருந்துவிட்டார்.

அவருக்கு அப்போது தேவைப்பட்டது மனநல சிகிச்சை அன்று. பல்கலைக்கழக விதிப்புத்தகத்தைப் பிரித்து, அடுத்த பருவத்தைத் தொடர்ந்துகொண்டே விட்ட தாள்களை ஏப்ரலில் எழுதலாம் என்ற பத்தியை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். துறைத்தலைவரிடம் நானே உடன் சென்றேன். அப்பாவிடம் போனில் பேசினேன். விண்ணப்பத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். வந்தார், வகுப்புக்கு. அந்த ஆண்டு முதல் எங்கள் கண்டனேஷன் அறிவிப்புத் தமிழிலும் ஒட்டப்படுகிறது.

கும்பகோணத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். அவருடைய பெயர் நமக்குத் தெரிந்தது. அதே படியில் இறங்கிப் போன மற்றவர்களின் பெயர் தெரியாது.

இனி படிப்பு. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது நேரடி வகுப்பில் முதுகலைச் சமூகப்பணி, அதாவது எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாண்டுப் படிப்பு, பொதுவாக எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம், ஆதலால் உங்கள் வணிகவியல் தடையாகாது. எம்.எஸ்சி. உளவியலுக்குப் பல இடங்களில் இளங்கலையிலேயே உளவியல் கேட்பார்கள். உங்கள் மாவட்டத்திலேயே, திருவாரூர் அருகே நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணியும் பயன்பாட்டு உளவியலும் இருக்கின்றன. அங்கே சேர முதுகலைக்கான பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் காஜாமலை வளாகத்திலும் பிஷப் ஹீபர் கல்லூரியிலும் சமூகப்பணித் துறைகள் உண்டு. எங்கே சேர்ந்தாலும் மருத்துவ, மனநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுங்கள். இப்படிப்பில் களப்பணிதான் உயிர். அதில் ஒரு பருவத்தையாவது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி போன்றதோர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செய்யக் கேளுங்கள். எந்த நிலையில் ஒரு மாணவரை மருத்துவரிடம் அனுப்பியே ஆக வேண்டும் என்பதை அங்கேதான் கண்ணால் கற்க முடியும்.

வேலையை உடனே விட முடியாதென்றால், பி.எட். இருப்பதால் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி.யின் வழிகாட்டல், ஆலோசனைப் பட்டயப் படிப்பையும் எண்ணிப் பார்க்கலாம். ஓராண்டில் ஆறு மாதம் தொலைவழியாகவும், மூன்று மாதம் நேர்வகுப்பாகவும், மூன்று மாதம் களப்பயிற்சியாகவும் அது நடக்கிறது. பள்ளி ஆலோசகர்களை மனத்தில் வைத்து அமைத்தது என்பதால் கல்லூரிப் பணிக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எந்த வழியில் வந்தாலும் 'மருத்துவ உளவியலாளர்' என்று உங்களை அழைத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும்.

வேலை இருக்கிறதா என்றால், முன்னைவிட இப்போது இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று பிறப்பித்த வழிகாட்டு நெறிகளின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப்பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். அவருக்குக் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி இருக்க வேண்டும். தேர்வுக் காலத்திலும் கல்வி நிலை மாறும் காலத்திலும் சிறு சிறு குழுக்களுக்குத் தனி வழிகாட்டி வேண்டும் என்றும் அதே நெறிகள் கூறுகின்றன. ஆனால் அரசு கலைக் கல்லூரிகளில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் பேராசிரியர்களுக்கே கூடுதல் பணியாகத் தரப்படுவதால், உங்களுக்கு வாய்ப்பு மிகுதி என்பது தஞ்சாவூர், திருச்சி சுற்றுவட்டாரத்தில் பெரிய விடுதிகள் வைத்து நடத்தும் பல்கலைக்கழகங்களிலும் பொறியியல் கல்லூரிகளிலுமே. சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சம்பளத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்: தொடக்கம் பெரும்பாலும் தொகுப்பூதியமாகவே இருக்கும், இப்போது வாங்குவதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று எண்ணிப் புறப்பட வேண்டாம்.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேட்க வேண்டும். கதவு சாத்தக்கூடிய தனி அறை உண்டா? மாணவர் சொன்னதை நான் எழுதிவைக்கும் குறிப்பை நிர்வாகம் பார்க்கக் கேட்குமா? மே மாதத்தில் ஊர் ஊராக அட்மிஷன் பிடிக்க என்னையும் அனுப்புவீர்களா? ஏப்ரலில் அறைக்குள் தன் கடனையும் கண்ணீரையும் சொன்ன பெண்ணின் தங்கையைச் சேர்க்க மே மாதம் நீங்களே அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால், ஜூனில் அவள் உங்கள் அறைக்கு வர மாட்டாள். இந்தக் கடைசிக் கேள்விக்கு நேரான பதில் கிடைக்காத இடத்தில் சேரத் தயங்குங்கள்.

தூக்கம் வராததைப் பற்றி. அதனால் நீங்கள் தகுதியற்றவர் ஆகிவிடவில்லை; தனியாகச் சுமக்கிறீர்கள் என்பதையே அது காட்டுகிறது. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒவ்வொருவருக்கும் தன்னைவிட மூத்தவர் ஒருவரிடம் மாதம் ஒருமுறையாவது அமர்ந்து, பெயர் சொல்லாமல், தான் கேட்டவற்றைப் பேசி இறக்கி வைக்கும் வழக்கம் இருக்க வேண்டும். படிக்கும்போதே அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அன்றன்று நடந்ததைப் பஸ் ஏறுவதற்கு முன் பத்து வரிகளில் எழுதி, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் குறித்து, அலமாரியில் பூட்டிவிட்டுப் புறப்படுங்கள். இரவில் உங்களை அழைப்பதற்குப் பதில், எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசக்கூடிய, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416-ஐ மாணவிகளின் போனிலேயே பதியச் செய்யுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், வெறுமனே அந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல், மருத்துவரிடம் ஒப்படைக்கும்வரை உடனிருங்கள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். முதலாமாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வயதில் கல்யாணம் பேசினால் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் குறுக்கே நிற்கிறது, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தெரிவிக்கலாம்; பாலியல் வன்முறை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். "உன் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும், உன்னிடம் சொல்லிவிட்டு, உதவக்கூடியவரிடம் சொல்வேன்" என்பதே கொடுக்கத்தக்க வாக்கு. அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்ட மாணவியரை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

சேர்க்கை வரும்வரை இருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம். வரும் ஆண்டு முதலாமாண்டு வகுப்புக்கு டியூட்டராக இருக்கக் கேட்டு வாங்குங்கள். பல்கலைக்கழக விதிப்புத்தகத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களில் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் யாருக்கு வரவில்லை, வங்கிக் கணக்கில் என்ன சிக்கல் என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். பணத்தைப் பற்றிய அந்தச் சிறு பேச்சிலிருந்துதான் மற்றப் பேச்செல்லாம் தொடங்கும். ஒரு நோட்டுப் போட்டு, முதல் பக்கத்தில் நவம்பர் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளை எழுதுங்கள்; அதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, வகுப்புக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பேர் வீதம் போன் செய்யத் தொடங்குங்கள்.